சிஆர்எம் மாற்றும்போது ரியல் எஸ்டேட் விற்பனைத் தரவு சிதறாமல் வந்து சேர என்ன செய்ய வேண்டும்?

நிறுவனம் சிஆர்எம்மை, அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் பதிந்து வைக்கும் மென்பொருளை, மாற்ற முடிவு செய்துவிட்டது. அந்த வேலை உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது. புது மென்பொருளை விற்க வந்தவர், "பழையதிலிருந்து ஒரு சிஎஸ்வி எடுங்கள், இதில் ஏற்றுங்கள், அவ்வளவுதான்" என்று சொல்லியிருப்பார். சிஎஸ்வி என்பது ஓர் அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு. வெறும் பெயரும் தொலைபேசி எண்ணும் என்றால் அவர் சொல்வது சரி. வீடு, மனை விற்பனைத் தரவு அந்த வகை இல்லை.

ஒருவர் முதன்முதலில் விசாரித்த நாளுக்கும் பத்திரம் பதியும் நாளுக்கும் நடுவில் மாதக்கணக்கில் ஓடிவிடும். அதற்குள் அவர் இரண்டு புராஜெக்ட் பார்த்திருப்பார். ஒரு வீட்டை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு வேறொன்றுக்கு முன்பணம் கட்டியிருப்பார். கடனுக்காக மனைவி பெயரையும் சேர்த்திருப்பார். அவரை அழைத்து வந்தது நான்தான் என்று இரண்டு புரோக்கர்கள் கமிஷன் கேட்டு நிற்பார்கள். இந்தச் சிக்கலையெல்லாம் தீர்த்து வைப்பது சிஆர்எம்மில் இருக்கும் தேதிகளும், எது எதோடு சேர்ந்தது என்ற இணைப்புகளும்தான். இடம் மாற்றும்போது பெயர்கள் தொலைவது அபூர்வம். தொலைவதெல்லாம் இந்த இரண்டும்தான். அதனால் கீழே சொல்லும் படிகள் பெரும்பாலும் இவற்றைக் காப்பாற்றும் வேலைகளே.

முதலில் எண்ணி வையுங்கள்

எதையும் ஏற்றுமதி செய்வதற்கு முன் பழைய சிஆர்எம்மில் என்ன இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுங்கள். லீட் (விசாரித்தவர்கள்) எத்தனை, வாடிக்கையாளர் எத்தனை, நடப்பில் உள்ள புக்கிங், ரத்தான புக்கிங் எத்தனை, ஒவ்வொரு புராஜெக்டிலும் விற்றது, நிறுத்தி வைத்தது, காலியாக இருப்பது எத்தனை, புக்கிங் தொகைகளின் கூட்டுத்தொகை எவ்வளவு, வரவேண்டிய பாக்கி எவ்வளவு. இந்த எண்களைத் தேதி போட்டுக் கணக்குப் பிரிவிடம் காட்டி, அவர்கள் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று கேட்டுவிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் அந்த வித்தியாசம் பழைய சிஆர்எம்மின் பிரச்சினை என்பது இப்போதே எல்லோருக்கும் தெரிந்துவிடும். இல்லையென்றால் ஏற்றி முடித்த பிறகு பழி உங்கள்மேல் வரும்.

சிஆர்எம்முக்கு வெளியிலும் தரவு இருக்கும். அழைப்புப் பதிவுகள் தொலைபேசி சேவை நிறுவனத்திடம் இருக்கலாம். தவணை விவரம் கணக்காளரின் எக்செல்லில் இருக்கலாம். புரோக்கர் பட்டியல் மேலாளர் ஒருவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கலாம். எதெது எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முழு நகல் எடுப்பது

அடுத்தது பேக்கப். திரையில் தெரியும் ரிப்போர்ட்டை இறக்கி வைத்துக்கொள்வது பேக்கப் ஆகாது. சேல்ஸ்ஃபோர்ஸ், ஜோஹோ போன்ற சிஆர்எம்களில் எல்லா அட்டவணைகளையும் மொத்தமாக எடுக்கத் தனி வசதி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு விஷயங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, இணைப்புக் கோப்புகள். விற்பனை ஒப்பந்தம், அடையாளச் சான்று, ரசீது எல்லாம் சிஎஸ்வியில் வராது. பெரும்பாலும் ஒரு லிங்க் மட்டும் வரும். பழைய சந்தா முடிந்த அன்றே அந்த லிங்க் செத்துவிடும். கோப்புகளைத் தனியே இறக்கி, எந்தக் கோப்பு எந்த ரெக்கார்டுக்கு (பதிவுக்கு) உரியது என்று சொல்லும் பட்டியலையும் சேர்த்து வையுங்கள்.

இரண்டு, ஐடி. ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் பழைய சிஆர்எம் ஒரு உள் அடையாள எண் வைத்திருக்கும். ஏற்றுமதியில் அந்த நெடுவரிசை கட்டாயம் இருக்க வேண்டும். பிற்பாடு எதை எதோடு இணைக்க வேண்டுமானாலும் இதுதான் கைகொடுக்கும். சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து எடுக்கிறீர்கள் என்றால் ஒரு கூடுதல் எச்சரிக்கை: அதில் ஐடி 15 எழுத்திலும் வரும், 18 எழுத்திலும் வரும். 15 எழுத்து வடிவத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. பட்டியலில் தேடிப் பொருத்த உதவும் எக்செல்லின் விலுக்கப் சூத்திரம் அந்த வேறுபாட்டைப் பார்க்காது. இரண்டு வேறு வாடிக்கையாளர்களை ஒருவர் என்று நினைத்துப் பொருத்திவிடும். 18 எழுத்து ஐடியையே எடுங்கள்.

எதை விட்டுவிட்டுப் போகலாம்?

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. எப்போதோ வாங்கிய பட்டியலில் வந்து, ஒருமுறைகூட போனை எடுக்காத லீட்களைப் பேக்கப்பிலேயே விட்டுவிடலாம். நூறு ஃபீல்டில் (விவரம் நிரப்பும் கட்டங்களில்) அறுபது காலியாகத்தான் இருக்கும், அவற்றையும் விட்டுவிடலாம். ஆனால் மூன்றை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். 'என்னைத் தொடர்பு கொள்ளாதீர்கள்' என்று சொன்னவர்களின் பட்டியல் அதில் முதலாவது. அதை விட்டால் அவர்களுக்கே புது சிஆர்எம்மிலிருந்து மறுபடியும் செய்தி போகும், பல நாடுகளில் இது சட்டப் பிரச்சினையும்கூட. அடுத்தது ரத்தான புக்கிங்குகள். மூன்றாவது, இடத்தை நேரில் வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்களும் அதற்கு அவர்கள் சொன்ன காரணமும். அடுத்த புராஜெக்ட் வரும்போது விற்பனைக் குழு முதலில் தேடுவது இந்த மூன்றாவது பட்டியலைத்தான்.

யூனிட்டுக்குத் தனி இடம்

பொதுவான சிஆர்எம்களில் பெரும்பாலும் லீட், கான்டாக்ட் (தொடர்பில் உள்ள ஆள்), கம்பெனி, டீல் (ஒரு விற்பனை) என்ற நாலும் இருக்கும். வீடோ மனையோ அதில் இருக்காது. அதனால் பல அலுவலகங்களில் டீலுக்குள் 'வீட்டு எண்' என்று ஒரு எழுத்து ஃபீல்ட் போட்டுச் சமாளித்து வந்திருப்பார்கள். ஒருவர் 'ஏ-304' என்று அடித்திருப்பார், இன்னொருவர் 'ஏ304', மற்றொருவர் '304 ஏ பிளாக்'. மூன்றும் ஒரே வீடு என்பது மனிதருக்குத் தெரியும், மென்பொருளுக்குத் தெரியாது.

மாற்றும் நேரத்தில் இதைச் சரி செய்துவிடுங்கள். புராஜெக்ட், அதற்குள் பிளாக், அதற்குள் யூனிட் (ஒரு வீடு அல்லது மனை) என்று தனி அட்டவணைகள் இருக்கட்டும். புக்கிங் என்பது யூனிட்டையும் வாங்குபவரையும் சேர்க்கும் தனி ரெக்கார்ட். ஒரு யூனிட்டுக்குப் பல புக்கிங் இருக்கலாம், ஆனால் நடப்பில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ஏ-304-ஐ முதலில் ஒருவர் புக் செய்து ரத்து செய்தார், பிறகு இன்னொருவர் வாங்கினார் என்றால், யூனிட் ஒன்று, புக்கிங் இரண்டு. முதல் புக்கிங்கின் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்ற கேள்வி பின்னால் வந்தால் பதில் அங்கேயே இருக்கும். ரத்தான புக்கிங்கின் மேலேயே புதியவரின் பெயரை எழுதிவைத்த பழைய தரவு இருந்தால், அவற்றை மட்டும் தனியே பிரித்துக் கையால் சரி செய்யுங்கள். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

கூட்டாக வாங்குபவர்களையும் இதே மாதிரிதான் பார்க்க வேண்டும். 'குமாரும் மனைவியும்' என்று ஒரே பெயர் ஃபீல்டில் இருந்தால் இருவரையும் தனித்தனி கான்டாக்ட் ஆக்கி, ஒரே புக்கிங்கில் முதல் விண்ணப்பதாரர், இணை விண்ணப்பதாரர் என்று இணையுங்கள். புரோக்கர் பெயரும் வெறும் எழுத்தாக இருக்கக் கூடாது. அவருக்கும் ஒரு ரெக்கார்ட் வேண்டும்.

இனி, எந்தப் பழைய ஃபீல்ட் எந்தப் புது ஃபீல்டுக்குப் போகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுத வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் தவிர்க்க முடியாது. இதில் இரண்டு இடங்கள் சிக்கலானவை. சேல்ஸ்ஃபோர்ஸில் லீட் வேறு, கான்டாக்ட் வேறு. ஹப்ஸ்பாட் என்ற சிஆர்எம்மில் பொதுவாக விசாரித்தவரும் வாங்கியவரும் ஒரே கான்டாக்ட் பட்டியலில் இருப்பார்கள், லைஃப்சைக்கிள் ஸ்டேஜ் என்ற ஃபீல்டுதான் அவர்களைப் பிரித்துக் காட்டும். சேல்ஸ்ஃபோர்ஸிலிருந்து ஹப்ஸ்பாட்டுக்குப் போனால் இரண்டு பட்டியல் ஒன்றாகும்போது ஒரே ஆள் இரண்டு முறை வரலாம்.

சிக்கலான இன்னொரு இடம் விற்பனை நிலைகள். பழையதில் 'புதியது, ஹாட், வெரி ஹாட், டோக்கன், பேச்சுவார்த்தை, விசிட் முடிந்தது' என்று ஒரே பட்டியலில் எல்லாம் கலந்து கிடக்கும். இதில் 'விசிட் முடிந்தது' என்பது நடந்து முடிந்த ஒரு நிகழ்வு. 'ஹாட்' என்பது விற்பனையாளரின் எண்ணம். இரண்டையும் இரண்டு ஃபீல்டாகப் பிரியுங்கள். எந்தப் பழைய நிலை எந்தப் புது நிலை ஆகும் என்பதை விற்பனைத் தலைவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக ஊகிக்காதீர்கள்.

எக்செல் செய்யும் சில்மிஷம்

சுத்தம் செய்யும் வேலை எப்படியும் எக்செல்லில்தான் நடக்கும். ரியல் எஸ்டேட் தரவை எக்செல் மாதிரிக் கெடுப்பது வேறெதுவும் இல்லை. சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறந்ததுமே கெடுக்க ஆரம்பித்துவிடும்.

'3-12' என்ற வீட்டு எண்ணை அது தேதி என்று நினைத்து, கணினியின் அமைப்பைப் பொறுத்து டிசம்பர் 3 என்றோ மார்ச் 12 என்றோ ஆக்கிவிடும். இ பிளாக் இருக்கிறதா? அப்படியானால் 'இ' என்ற ஆங்கில எழுத்து நடுவில் வரும் '2இ03' போன்ற எண், அறிவியல் குறியீடு என்று எடுத்துக்கொள்ளப்பட்டு 2000 ஆகிவிடும். '007' வெறும் 7 ஆகும். 12 இலக்கத் தொலைபேசி எண் சுருங்கிய குறியீடாகத் தெரியும்; அந்த நிலையிலேயே சிஎஸ்வியாகச் சேமித்தால் திரையில் தெரிவதுதான் சேமிக்கப்படும், உண்மையான எண் போனது போனதுதான். 15 இலக்கத்துக்கு மேல் எக்செல் துல்லியம் வைத்துக்கொள்வதில்லை. 16 இலக்கப் பணப் பரிமாற்ற எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் இல்லை. எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்ற காரணத்துக்காகவே மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு 'மார்ச்1' என்ற மரபணுவை 'மார்ச்எஃப்1' என்று மாற்ற வேண்டி வந்தது. 2020-இல் அவர்கள் வெளியிட்ட வழிகாட்டுதலில் இது இருக்கிறது. தானாக மாற்றுவதை நிறுத்தும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-இல்தான் கொடுத்தது.

தீர்வு எளிது: கோப்பை நேரடியாகத் திறக்காமல், டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்து, எல்லா நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' என்று குறியுங்கள். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் தமிழில் இருக்கும் பெயர்கள் கேள்விக்குறிகளாகிவிடும். ஒரு தாளில் 10,48,576 வரிக்கு மேல் எக்செல் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும். வாடிக்கையாளர் பட்டியல் அந்த அளவைத் தொடாது, பல வருட அழைப்புப் பதிவு தொடலாம்.

தேதிகளுக்கு ஒரே வடிவம்: 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில். 03/04/2024 என்பது ஏப்ரல் 3-ஆ மார்ச் 4-ஆ என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45000 மாதிரி ஒரு எண் இருந்தால் பயப்பட வேண்டாம், அது எக்செல்லின் உள் கணக்கு. 45000 என்றால் 2023 மார்ச் 15. நேர மண்டலத்தையும் கவனியுங்கள். சில சிஆர்எம்கள் ஏற்றுமதியில் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தையே கொடுக்கும். ஜூலை 1 நள்ளிரவு தாண்டியதும் பதிவான புக்கிங், உங்கள் ஊர் நேரம் யுடிசியைவிட முன்னால் இருந்தால், ஜூன் 30 ஆகி வேறு காலாண்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

தொலைபேசி எண்களை '+' குறியும் நாட்டுக் குறியீடும் சேர்த்து, இடைவெளி இல்லாமல் எழுதுங்கள். இ.164 என்ற சர்வதேச முறை இதுதான், அதிகபட்சம் 15 இலக்கம். விலையில் காற்புள்ளி, நாணயக் குறி எதுவும் வேண்டாம், எண் மட்டும். பரப்பளவில் எண் ஒரு நெடுவரிசை, சதுர அடியா சதுர மீட்டரா என்பது இன்னொரு நெடுவரிசை. ஒரு சதுர மீட்டர் சுமார் 10.764 சதுர அடி. கலந்து ஏற்றிவிட்டால் ஒரு சதுர அடிக்கு என்ன விலை என்ற ரிப்போர்ட் பத்து மடங்கு தவறாக வரும். உட்பரப்பா, பொதுவிடப் பங்கும் சேர்ந்ததா என்பதையும் ஃபீல்டின் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

டூப்ளிகேட் நீக்கும்போது ஒரு நிதானம்

ஒரே தொலைபேசி எண் இருந்தால் ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு இணைப்பதுதான் வழக்கமான முறை. இந்தத் தொழிலில் அது ஆபத்து. நிறுவனம் வாடிக்கையாளரை நேரடியாக அழைத்துவிடக் கூடாது என்று, புரோக்கர் தான் கூட்டிவரும் எல்லோருக்கும் தன் எண்ணையே கொடுத்திருப்பார். எண்ணை வைத்து இணைத்தால் அவரது நாற்பது வாடிக்கையாளர்களும் ஒரே ஆளாகிவிடுவார்கள். அப்பாவும் மகளும் ஒரே எண்ணைக் கொடுத்து இரண்டு வீடு வாங்கியிருப்பதும் உண்டு.

எனவே முதலில், அதிக முறை திரும்ப வரும் எண்களைப் பட்டியலிடுங்கள். புரோக்கர் எண்கள் தாமாகவே மேலே வந்து நிற்கும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். மீதியில் எண்ணும் பெயரும் சேர்ந்து ஒத்துப்போனால் மட்டும் இணையுங்கள். இணைக்கும்போது பழைய தேதி எதுவோ அதுதான் முதல் விசாரணைத் தேதி, அன்று வந்த வழிதான் லீட் வந்த வழி. புக்கிங் இருக்கும் இரண்டு ரெக்கார்டுகளைத் தானாக இணைக்கவே கூடாது, ஒரு மனிதர் பார்த்த பிறகுதான்.

அடுத்து, தேதி பற்றி நான் வலியுறுத்தும் ஒரு விஷயம். ஏற்றும் நாளையே 'உருவாக்கிய தேதி' என்று போட்டுவிடுவது பல சிஆர்எம்களின் வழக்கம். சேல்ஸ்ஃபோர்ஸில் சிறப்பு அனுமதி பெற்றால், முதன்முதலில் ஏற்றும்போது மட்டும் பழைய தேதியைக் கொடுக்கலாம். வேறு சிலவற்றில் அதற்கும் வழி இல்லை. எதுவாக இருந்தாலும் 'முதல் விசாரணைத் தேதி', 'புக்கிங் தேதி', 'ரத்தான தேதி' என்று உங்கள் சொந்த ஃபீல்டுகளை உருவாக்கி அவற்றில் ஏற்றுங்கள். புரோக்கர் கமிஷன் தகராறில் செல்லுபடியாகப் போவது இந்தத் தேதிகள்தான்.

ஏற்றும் வரிசை

பணியாளர் பெயர்கள் முதலில். வேலையை விட்டுப் போனவர்களுக்கும் 'முன்னாள்' என்ற குறிப்போடு ஓர் இடம் வேண்டும், இல்லையென்றால் அவர்களின் பழைய விற்பனை எல்லாம் ஏற்றியவர் பெயரில், அதாவது உங்கள் பெயரில், வந்து நிற்கும். அப்புறம் புரோக்கர்கள், வாடிக்கையாளர்கள். பிறகு புராஜெக்ட், பிளாக், யூனிட். அதன்பின் புக்கிங், தவணை. கடைசியில் குறிப்புகள், அழைப்புகள், கோப்புகள். எது எதைச் சார்ந்திருக்கிறதோ அது பின்னால் வரும், அவ்வளவுதான் விதி.

புது சிஆர்எம்மில் ஒவ்வொரு அட்டவணையிலும் 'பழைய ஐடி' என்று ஒரு ஃபீல்ட் வைத்து அதைத் தனித்துவமானது என்று குறியுங்கள். புக்கிங்கை வாடிக்கையாளரோடு இணைக்கும்போது பெயரை வைத்து இணைக்காமல் இந்தப் பழைய ஐடியை வைத்து இணையுங்கள். 'அப்சர்ட்' வசதி இருந்தால் இன்னும் நல்லது: அந்த ஐடி ஏற்கெனவே இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் புதிதாகச் சேர்க்கும். பாதியில் நின்றுபோன கோப்பை மறுபடி ஓட்டினாலும் இரட்டிப்பு ஆகாது. கூடவே 'ஏற்றிய தொகுதி' என்று ஒரு ஃபீல்டும் இருக்கட்டும். ஒரு தொகுதி முழுக்கத் தப்பாகப் போனால் அதை மட்டும் தேடி அழிக்கலாம்.

ஆட்டோமேஷனை அணைத்துவிட்டு ஏற்றுங்கள்

புதிய லீட் வந்தால் வரவேற்புச் செய்தி, புக்கிங் உருவானால் வாழ்த்து, தவணை தேதி தாண்டியிருந்தால் நினைவூட்டல் என்று புது சிஆர்எம்மில் உற்சாகமாக அமைத்து வைத்திருப்பார்கள். நீங்கள் ஆயிரக்கணக்கான பழைய ரெக்கார்டுகளை ஏற்றும் அந்த நிமிடம் அவையெல்லாம் 'புதியவை'. இரண்டு வருடம் முன்பே குடியேறியவருக்கு 'உங்கள் தவணை தாமதமாகிறது' என்று செய்தி போகும். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், பணியாளருக்கு லீட் பிரித்துக் கொடுக்கும் விதி என்று எல்லாவற்றையும் நிறுத்துங்கள். எதெதை நிறுத்தினீர்கள் என்று எழுதியும் வையுங்கள், திரும்ப இயக்கும்போது தேவைப்படும்.

ஒத்திகை

சோதனைச் சூழல் இருந்தால் அதில், இல்லாவிட்டால் நிஜத்திலேயே, ஐம்பது புக்கிங்கை மட்டும் முதலில் ஏற்றிப் பாருங்கள். எளிதானவற்றை எடுக்காதீர்கள். இருப்பதிலேயே மோசமானவை வேண்டும்: ரத்தாகி மறுபடி விற்ற வீடு, மூன்று பேர் சேர்ந்து வாங்கியது, வீட்டை மாற்றிக்கொண்டவர், பாதி தவணையில் பெயர் மாற்றம் செய்தவர், வெளிநாட்டு எண் உள்ளவர். அவற்றை அந்தந்த விற்பனையாளரிடமே காட்டி, "இவர் கதை இதில் சரியாக இருக்கிறதா?" என்று கேளுங்கள். தன் வாடிக்கையாளரைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. பெரும்பாலான கருவிகள் ஏறியவை, ஏறாதவை என்று தனித்தனிக் கோப்பு கொடுக்கும். ஏறாதவற்றைக் காரணத்தோடு படித்துச் சரி செய்துவிட்டு, சோதனைத் தரவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டு மூன்று சுற்று ஆகத்தான் செய்யும்.

மாறும் நாள்

விற்பனை குறைவாக நடக்கும் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு பழையதில் யாரும் எழுத முடியாதபடி எல்லோருக்கும் பார்க்கும் உரிமை மட்டும் கொடுங்கள். "தயவுசெய்து எழுதாதீர்கள்" என்று குழுவில் செய்தி போட்டால் போதாது. களத்தில் இருப்பவர் கைபேசியிலிருந்து எழுதிவிடுவார்.

பலரும் மறப்பது உள்ளே வரும் வழிகளைத்தான். இணையதளப் படிவம், விளம்பரங்களின் லீட் படிவம், வீட்டு விளம்பரத் தளங்கள், தொலைபேசி அழைப்பு இணைப்பு எல்லாம் இன்னும் பழைய சிஆர்எம்முக்கே லீட் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் புதியதற்குத் திருப்பி, ஒவ்வொன்றிலும் நீங்களே ஒரு பொய் விசாரணை போட்டு அது வந்து சேர்கிறதா என்று பாருங்கள். நடுவில் பழையதில் விழுந்தவற்றை மாலையில் தனியே எடுத்து ஏற்றிவிடலாம்.

ஏற்றி முடித்ததும் முதல் படியில் எடுத்த எண்களை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். எண்ணிக்கை பொருந்துவது மட்டும் போதாது. புராஜெக்ட் வாரியாக விற்ற யூனிட், புக்கிங் கூட்டுத்தொகை, பாக்கித் தொகை எல்லாம் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போக வேண்டும். வேண்டுமென்றே விட்டுவிட்டவை, இணைத்தவை எத்தனை என்று எழுதி வைத்திருந்தால் வித்தியாசத்துக்கு விளக்கம் கிடைத்துவிடும். இன்னும் மூன்று தேடல் செய்யுங்கள்: வாடிக்கையாளர் இல்லாத புக்கிங், யூனிட் இல்லாத புக்கிங், நடப்பில் இரண்டு புக்கிங் உள்ள யூனிட். மூன்றுமே பூஜ்யம் காட்ட வேண்டும். மூன்றாவதில் ஏதாவது வந்தால் உடனே விற்பனைத் தலைவரை அழையுங்கள். அது ஏற்றியதில் வந்த பிழையாகவும் இருக்கலாம், உண்மையிலேயே ஒரு வீடு இரண்டு பேருக்கு விற்கப்பட்டதாகவும் இருக்கலாம்.

எல்லாம் சரி என்று கணக்குப் பிரிவு எழுத்தில் சொன்ன பிறகு ஆட்டோமேஷனை ஒவ்வொன்றாக இயக்குங்கள், நினைவூட்டல் செய்திகளைக் கடைசியில். பழைய சிஆர்எம்மை உடனே மூடாதீர்கள். ஒரு தவணைச் சுற்றும் ஒரு காலாண்டு ரிப்போர்ட்டும் புதியதிலிருந்து சரியாக வரும்வரை, பார்க்கும் உரிமையோடு ஓரிரு சந்தா மட்டும் இருக்கட்டும். மூடும் நாளில் பேக்கப்பை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, கடவுச்சொல் போட்ட ஓர் இடத்தில் மட்டும் வையுங்கள். மடிக்கணினிகளிலும் மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சிதறிக் கிடக்கும் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' சிஎஸ்விகளை அன்றே அழித்துவிடுங்கள். அவற்றில் இருப்பது அத்தனை பேரின் எண்ணும் முகவரியும் கட்டிய பணமும்.